வகுப்பறை அலமாரியில் என்ன இருக்கிறது?



பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் மாதங்களில் நம் வீடுகளில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. கட்டணம் எவ்வளவு, தேர்ச்சி எப்படி, பெண் பிள்ளைகள் தலையை மறைத்துச் செல்லலாமா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவார்களா, வேன் எத்தனை மணிக்கு வரும். இவையெல்லாம் கேட்க வேண்டியவையே. ஆயினும், வகுப்பறையின் மூலையில் நிற்கும் பீரோவைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்ட பெற்றோரை நாங்கள் கண்டதில்லை. கதவுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று வினவியவரையும் கண்டதில்லை.

இதை எழுதும் நாங்கள் ஐவர். மூவர் தாய்மார், இருவர் தந்தையர். எங்கள் ஜமாஅத் நடத்தும் தொடக்கப் பள்ளியையும், பள்ளிவாசலை ஒட்டிய மக்தபையும் இந்தக் கல்வியாண்டில் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எங்களிடம் தரப்பட்டது. சுண்ணாம்பு அடிப்பது, மின்விசிறி பழுது, சம்பள நிலுவை என்று பார்க்க வேண்டியவை பல இருந்தன. அவற்றையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அலமாரிகளைத் திறந்து பார்ப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் ஒரு சிறுவன்.

எங்களுள் ஒருவரின் தங்கை மகன் அவன். வேறோர் ஊரில், ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்துவந்தான். விளையாட்டு நேரம் முடிந்து வியர்க்க விறுவிறுக்க வகுப்புக்குள் ஓடி வந்தவன், கதவுக்குப் பின்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டான். பாட்டிலில் இருந்தது கழிவறைக்கு ஊற்றும் ஆசிட். தெருவில் தள்ளுவண்டியில் வரும் வியாபாரியிடம் வாங்கி, கைக்குக் கிடைத்த காலி பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். அலறல் கேட்டு ஓடி வந்தவர்கள், நல்லெண்ணத்தோடுதான், உப்புக் கரைசலைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். உள்ளே போகும்போது ஒரு முறை சுட்ட அமிலம் வெளியே வரும்போது இன்னொரு முறை சுட்டது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. அதை விரிக்கும் சிகிச்சைக்காக அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இன்னும் நிற்கவில்லை. பெருநாள் அன்று மற்றப் பிள்ளைகள் பிரியாணி உண்ணும்போது அவனுக்கு அவன் உம்மா சோற்றைக் கரைத்து ஊட்டுகிறார்.

அப்பள்ளியின் நிர்வாகம் சொன்ன விளக்கம், பிள்ளையின் சேட்டை என்பது. பிறகு, துப்புரவு வேலை செய்த ஆயாவை வேலையை விட்டு நீக்கினார்கள். அத்தோடு விவகாரம் முடிந்ததாகக் கருதப்பட்டது.

அந்த ஆயாவை நாங்கள் போய்ப் பார்த்தோம். கணவரை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். அழுதுகொண்டே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, அந்த ஆசிட்டை நான் எங்கேதான் வைப்பேன்? எனக்கென்று ஒரு மாடம்கூட அந்தக் கட்டடத்தில் கிடையாதே." துடைப்பத்தையும் வாளியையும் பாட்டிலையும் வைக்க அவருக்கு எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை. மாடிப்படிக்குக் கீழே வைத்தால் ஓட்டுநர் கடிந்துகொள்வார். கழிவறையில் வைத்தால் பார்வையாளர் கண்ணில் படுகிறது என்பார்கள். எஞ்சியது வகுப்பறைக் கதவின் பின்புறம். ஆபத்தான பொருளை வாங்கச் சொன்னவர் வேறு, அதைப் பாட்டிலில் ஊற்றி விற்றவர் வேறு, இடம் தராதவர் வேறு. தண்டனை பெற்றவர் மட்டும் இவர்.

இத்தகைய செய்திகளைப் பேசும்போது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவது பற்றிய ஹதீஸை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எங்கள் நினைவுக்கு வந்தது வேறொன்று. அம்புகளோடு பள்ளிவாசலையோ கடைவீதியையோ கடந்து செல்பவர் அவற்றின் முனைகளைத் தம் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. கடைவீதியில் நடப்பவர்களைப் பார்த்து, அம்புக்காரர் வருகிறார், ஒதுங்கி நில்லுங்கள் என்று சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டளை அம்பை வைத்திருப்பவருக்கே. அம்பை எடுத்து வரக் கூடாது என்றும் சொல்லப்படவில்லை. அது தேவையான பொருள். தேவையான பொருளின் கூர்மையை எவர் கையில் வைத்திருக்கிறாரோ அவரே பொறுப்பேற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆசிட்டும் பினாயிலும் கத்தரிக்கோலும் இருந்தே தீரும். அவற்றின் முனையைப் பிடிக்க வேண்டியவர் நிர்வாகி. ஏழு வயதுப் பிள்ளை அல்லன். "சேட்டை" என்ற சொல் எங்களுக்கு ஏன் கசந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் சிற்றூரின் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடயவியல் ஆய்வு கண்டறிந்தது. எண்ணெய் வைக்கப்பட்ட கலம் முன்பு பூச்சிமருந்து வைத்திருந்த கலம் என்று விசாரணையில் பேசப்பட்டது. அப்பள்ளியில் பொருள்களை வைக்க அறை இல்லை. தலைமை ஆசிரியையின் வீட்டிலேயே அவை இருந்தன. ஆயாவின் கேள்வியும் இதுவே அன்றோ? இடம் இல்லாதபோது பொருள்கள் தாமே ஓர் இடத்தைத் தேடிக்கொள்கின்றன. அது பெரும்பாலும் தகாத இடமாக இருக்கிறது.

நம் மாநிலத்துக்கு அந்தத் தேதி ஏற்கெனவே கறுப்பு நாள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டுபோனது. சமையற்கூடத்தில் எழுந்த நெருப்பு கீற்றுக் கொட்டகையைப் பற்றி, வகுப்பறைக்குத் தாவியது. அத்தீயை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பாதுகாப்பான பள்ளியில் கற்பது பிள்ளைகளின் உரிமை என்றது. பள்ளிக் கட்டடங்களில் எளிதில் தீப்பற்றும் பொருளும் நச்சுப் பொருளும் இருக்கக் கூடாது, தவிர்க்க இயலாதாயின் பாதுகாப்பாக வைக்கப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் வழிகாட்டுதல்களில் அடங்கும். ஆசிட்டைச் சில்லறையாக விற்பதற்கும் 2013-இல் அதே நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. தள்ளுவண்டி இன்றும் தெருவில் வருகிறது என்பது வேறு செய்தி.

ஒரு சனிக்கிழமை காலை, ஃபஜ்ருக்குப் பின், எங்கள் பள்ளியின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். தலைமை ஆசிரியை உடன் இருந்தார். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள் என்று அவர் முதலில் எண்ணியிருக்கக் கூடும். மதியத்துக்குள் அவரே எங்களுக்கு முன்னால் குனிந்து மேசைகளுக்கு அடியில் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வகுப்பறைகளில் கிடைத்தவை பெரும்பாலும் சின்னஞ்சிறு பொருள்கள். மேசை இழுப்பறையில் பிளேடு, குண்டூசி, பறிமுதல் செய்யப்பட்ட காம்பஸ்கள். சன்னல் விளிம்பில் ஓர் ஆசிரியையின் இரத்த அழுத்த மாத்திரை அட்டை. பீரோவின் உச்சியில் உலக உருண்டை, வெண்கலக் கேடயங்கள், கிரிக்கெட் மட்டைகள். அந்த பீரோவோ சமமற்ற தரையில் நின்று, கதவைத் திறந்தாலே முன்னால் சாய்ந்தது. பிள்ளைகள் அடித்தட்டில் கால் வைத்து ஏறினால் அது அவர்கள்மேல் விழும். கனமானவற்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, பீரோவைச் சுவரோடு ஆணி வைத்துப் பிணைத்தோம். தச்சருக்குக் கொடுத்த கூலி 600 ரூபாய். இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு சிறு பொருள்களைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, பொத்தான் போன்ற வட்ட பேட்டரி. கால்குலேட்டர், விளக்கு எரியும் பொம்மை, எடை பார்க்கும் கருவி எனப் பலவற்றில் அது இருக்கிறது. தீர்ந்துபோனது என்று மேசைமேல் போடப்படும் பேட்டரியிலும் மின்சாரம் எஞ்சியிருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே போதும், வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மற்றொன்று பாச்சை உருண்டை. பழைய பதிவேடுகளுக்கு நடுவிலும் கழிவறைத் தொட்டியிலும் அது கிடந்தது. வெள்ளையாக, மிட்டாய் போலவே இருக்கிறது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உண்டு; அவர்கள் அதை விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். நம் குடும்பத்தில் அக்குறை இருக்கிறதா என்பது சோதித்தாலன்றித் தெரிவதில்லை. அத்தனை உருண்டைகளையும் அன்றே அகற்றிவிட்டு, பதிவேடுகளை மூடியுள்ள பெட்டிகளுக்கு மாற்றினோம்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டறைதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை வாய் பிரிந்து கிடந்தது. அதன்மேல் சாய்ந்தபடி ஆசிட் கேன். இவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்ல ஏவப்பட்ட அதே வாயு. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழும். குனிந்து கூட்டுபவரின் மூச்சிலும், உயரம் குறைந்த பிள்ளைகளின் மூச்சிலும் முதலில் புகும். அருகிலேயே கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிட்டைசர், ஐந்து லிட்டர் கேன்களில் மூன்று. அதில் பெரும்பகுதி ஆல்கஹால். அவற்றுக்கு நேர் மேலே மின் இணைப்புப் பெட்டி. கும்பகோணத்துக்குப் பிறகு கீற்றுக் கூரைகளை நீக்கிவிட்டோம் என்று நிம்மதி கொண்டிருக்கும் நாம், கான்கிரீட் கூரைக்குக் கீழே இவற்றை அடுக்கி வைத்திருக்கிறோம்.

மக்தபின் பின்கட்டில் இருந்தது வேறொரு வகை. ரமளான் நோன்புக் கஞ்சிக்கான பச்சரிசி அங்கேதான் இறக்கப்படும். அரிசி இருந்தால் எலி வரும். எலி வந்தால் எலி பேஸ்ட் வரும். அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே, ரொட்டித் துண்டில் தடவி வைக்கப்பட்டிருந்தது. அஸருக்குப் பின் யஸ்ஸர்னல் குர்ஆன் ஓத வரும் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் இடம் அது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்டின் கொடுமை என்னவென்றால், உண்ட பிள்ளை முதல் நாள் லேசாக வாந்தி எடுத்துவிட்டுத் தேறியதுபோல் காணப்படும். வீட்டார் ஆறுதல் அடைந்திருக்கும்போது, ஓரிரு நாள்களில் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கவும் விளக்கை அணைத்துவிடவும் நபியவர்கள் சொன்னபோது, எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று காரணமும் சொன்னார்கள். எலியைப்பற்றிய எச்சரிக்கை நம் மார்க்கத்தில் அவ்வளவு பழையது. எலிக்கு வைத்ததே பிள்ளைக்கு எமனாகிவிடக் கூடாது அல்லவா? பேஸ்டை எடுத்துவிட்டுப் பொறிகளை வைத்தோம். அரிசிக்கு இறுக்க மூடும் டிரம்கள் வாங்கினோம்.

எங்கள் பிள்ளைகளுள் மூத்தவர்கள் படிக்கும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தையும் பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே உதவியாளராக இருக்கும் பெரியவர் எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினார். புதிதாக வரும் ஆசிரியர்கள் புட்டிகளை ஆங்கில அகரவரிசைப்படி அழகாக அடுக்கச் சொல்வார்களாம்; அவர் மறுத்துவிடுவாராம். "பேர் பக்கத்துல இருந்தா என்ன பாய், குணம் சேரணுமே" என்றார். நைட்ரிக் அமிலத்தைப் பக்கத்தில் வைத்தால் அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் பகையாகும். எனவே அமிலங்கள் கீழ்த்தட்டில், மணல் பரப்பிய பிளாஸ்டிக் தட்டில், நைட்ரிக் தனியே, தீப்பற்றுபவை எதிர்ச்சுவரில், சோடியம் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கியபடி. மண்ணெண்ணெய் குறைந்துவிட்டதா என்று திங்கள்தோறும் பார்ப்பது அவர் வழக்கம். ஒட்டுத்தாள் கிழிந்த புட்டியை அவர் முகர்ந்து பார்ப்பதில்லை. பெயர் தெரியாதது என்று எழுதி ஓரமாக வைத்துவிடுகிறார்.

அவர் தயங்கியது ஒன்றைக் காட்டும்போதுதான். பழைய காற்றழுத்தமானியிலிருந்தும் உடைந்த தெர்மாமீட்டர்களிலிருந்தும் சேர்த்த பாதரசம், சிறு புட்டியில். முன்பெல்லாம் மாணவர்கள் அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடுவார்களாம். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவின் காரணமாக 2001-இல் மூடப்பட்ட வரலாறு தமிழ்நாட்டார் அறிந்தது. பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. கூட்டினால் துளி நூறாகச் சிதறி, கண்ணுக்குத் தெரியாத ஆவியாக அறையிலேயே தங்கும். பிள்ளைகளை வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும். இவ்வளவும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடைத்த புட்டியை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் அவருக்கு எவரும் சொல்லாதது.

பட்டியலோடு முத்தவல்லியிடம் சென்றோம். முப்பது ஆண்டுகளாக ஒன்றும் நடக்கவில்லையே, அல்லாஹ் பாதுகாப்பான் என்றார். அவர் நல்ல மனிதர். சொந்தப் பணத்தில் பள்ளிக்குக் கிணறு வெட்டித் தந்தவர். அவரிடம் வாதிடுவதற்கு நாங்கள் விரும்பவில்லை. தங்கை மகனின் எக்ஸ்ரே படத்தை மட்டும் மேசையில் வைத்தோம். நெடுநேரம் அதைப் பார்த்திருந்தவர், ஹஜ்ரத்தை அழைத்து, அந்த வெள்ளிக்கிழமை பயானில் இதைப் பேசச் சொன்னார். செலவுக்குப் பணமும் எழுதிக் கொடுத்தார்.

பூட்டு வாங்குவது எளிதாக இருந்தது. சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் இரண்டு கூட்டங்கள் நடந்தன. தலைமை ஆசிரியையிடம் இருக்கட்டும் என்றார் ஒருவர். காலை ஏழு மணிக்குக் கழிவறை கழுவ வரும் ஆயா, ஒன்பது மணிக்கு வரும் தலைமை ஆசிரியைக்காகக் காத்திருக்க இயலுமா? இரண்டு நாள் காத்திருப்பார்; மூன்றாம் நாள் ஒரு பாட்டிலில் ஊற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். நாங்கள் அஞ்சியது அதைத்தான். வேலை செய்பவருக்குத் தொல்லை தரும் பூட்டு, விரைவில் திறந்தே கிடக்கும். முடிவில், சாவி ஆயாவிடமே இருக்க வேண்டும், மாற்றுச் சாவி மோதினாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். சுவரில் 5 அடி உயரத்தில் ஆசிட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி தேவை என்று முதலில் எண்ணினோம். தூக்கி இறக்கும்போது முகத்தில் சிந்தும் என்று ஆயா சொன்னதால், பூட்டுள்ள கீழ்மாடமாக மாற்றிக் கட்டினோம். இரும்பு பீரோ ஆசிட் புகைக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் துருப்பிடித்துவிடும் என்பதால் இரண்டுக்கும் அதைத் தவிர்த்தோம். பவுடர், மூடியுள்ள டிரம்மில், கட்டடத்தின் மறு முனையில் இருக்கிறது. ஆயாவுக்கு எழுத்து வாசிக்க வராது. எனவே கேன்களுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் பட்டை ஒட்டி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மாடம் என்று வைத்தோம். கையுறையும் முழங்கால் அளவு பூட்சும் வாங்கித் தந்தபோது, பூட்சைத் தம் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்!

தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ உண்ணத் தகாத எதையும் ஊற்றுவது பள்ளி வளாகத்துக்குள் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. தள்ளுவண்டி ஆசிட் வாங்குவதும் நிறுத்தப்பட்டது. ஆசிரியர் அறையில் ஒரு தாளைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஆசிட்டோ பினாயிலோ மண்ணெண்ணெயோ குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசல், முட்டை, எலுமிச்சை எதுவும் கொடுக்கக் கூடாது. வாயைக் கழுவித் துப்ப வைத்து, 108-ஐ அழைத்து, குடித்த பாட்டிலையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். பள்ளித் தாய்மார் கூட்டத்தில் இதைப் படித்தபோது, பினாயில் குடித்தால் புளிக்கரைசல் கொடுப்பதுதானே வழக்கம் என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அக்கூட்டம் நடந்தது நல்லதாயிற்று.

வேலை நீக்கப்பட்ட அந்த ஆயா இப்போது எங்கள் பள்ளியில்தான் பணிபுரிகிறார். சிவப்புப் பட்டை மாடத்தின் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டிருப்பவர் அவரே. சிலர் முகம் சுளித்தார்கள். ஹஜ்ரத் அவர்களிடம் பேசினார்.

முடியாதவை இரண்டு உள்ளன. சானிட்டைசர் கேன்களை அரசு மருத்துவமனை ஒன்று பெற்றுக்கொள்வதாகக் கூறியிருக்கிறது. இன்னும் வண்டி வரவில்லை. ஆதலால் அவை மின் பெட்டியிடமிருந்து விலக்கி, வெளிப்புறக் கொட்டிலில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. பாதரசப் புட்டிக்காக மேல்நிலைப் பள்ளியின் பெயரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததா என்று பெரியவர் ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் கேட்கிறார். ஷஅபான் பிறந்ததும் பச்சரிசி வரும். அதற்குள் மக்தபின் பின்கட்டுக்குக் கம்பி வலை அடித்துவிட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.